பத்துக்கு எத்தனை?

ஜூன் 10, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில், வலி மருத்துவப் பிரிவில் இருக்கும் சிஸ்டர் ஃப்ளோரா இந்த நோட்டைக் கொடுத்தார். காலையும் மாலையும் வயிற்றுவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டுமாம். "வலியே இல்லேன்னா சைபர், இதுக்கு மேல இல்லேன்னா பத்து. மனசுல தோணுறதையும் எழுதலாம் சார்" என்றார். தமிழாசிரியரிடம் போய் இப்படிச் சொல்லலாமா? நோட்டு பத்தாது.

முறைப்படி தொடங்குகிறேன். பெயர் குற்றாலிங்கம். வயது 55. தென்காசிக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாகத் தமிழாசிரியர். பதினோரு வருடமாகக் கணையத்தில் கற்கள். குடிப்பழக்கம் கிடையாது; நான்கு டாக்டர்கள் இதை நம்பவில்லை. ஒரு ஆபரேஷன், நரம்பில் இரண்டு ஊசி, மாத்திரை மூட்டை மூட்டையாக. ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியாக முதுகுத்தண்டில் ஒரு ஆபரேஷன் இருக்கிறதாம். அதற்கு நான் தகுதியா என்று பார்க்கத்தான் இந்த நோட்டு.

காலை: 5. மாலை: 6.

ஜூன் 11

காலை: 5. மாலை: 5. என் மனைவி சொர்ணத்தின் இரசம்: 7.

ஜூன் 13

மத்தியானம் பிடித்தது. நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றியை இருக்கையில் வைத்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு இரண்டு மணி நேரம். இந்த வீட்டில் அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அது என் நெற்றிக்கானது.

மாலை: 6. ஆறரை போடலாமா என்று யோசித்தேன். அரை மதிப்பெண் போட ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை.

ஜூன் 15

வலி இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. லேசான நாள் என்று உண்டு. இன்று லேசு. சொர்ணம் வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள். அவளிடம் ஒரு பழக்கம். பையை முதலில் தன் வயிற்றில் வைத்துச் சூடு பார்ப்பாள். கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா? அடுக்களையில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்ப்பாள். என்னிடம் வரும்போது பை வெதுவெதுப்பாகிவிடும்.

"ஏளா, சூட்டையெல்லாம் நீயே குடிச்சுட்டு வாரியா?" என்றேன். "கொப்புளம் போட்டுரும்லா, அதான்" என்றாள்.

காலை: 4. மாலை: 5.

ஜூன் 19

மதுரைக்குக் கொண்டுபோக ஃபைலை அடுக்கினேன். மார்ச் மாதத்து ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று அடியில் கிடந்தது. தென்காசி லேபில் எடுத்தது. அதில் ஒரே குளறுபடி. நோயாளி பெயர் சொர்ணம் என்றும், வயது 50, பெண் என்றும் அடித்திருக்கிறார்கள். பித்தப்பையில் கற்கள் என்று போட்டிருக்கிறது. எனக்குக் கல் கணையத்தில். உடன் வந்தவள் பெயரை நோயாளி இடத்தில் அடித்து, உறுப்பையும் மாற்றி அடித்திருக்கிறார்கள். மார்ச்சில் நான் ஸ்கேன் எடுத்தேனா என்பதும் சரியாக நினைவில்லை. எத்தனையோ எடுத்தாயிற்று.

சிவப்பு மைப் பேனாவால் சொர்ணம் என்பதை அடித்துவிட்டுக் குற்றாலிங்கம் என்று எழுதினேன். வயதையும் பாலையும் திருத்தினேன். பித்தப்பையை மட்டும் வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டு வைத்தேன், டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. சொர்ணத்திடம் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"சரி, உள்ள வைங்க" என்றாள்.

அந்த லேபுக்கு 3 போடலாம். அதுவும் பேப்பர் நன்றாக இருந்ததற்காக.

காலை: 5. மாலை: 5.

ஜூன் 24, மதுரை

டாக்டர் எட்வின்தான் ஆபரேஷன் செய்பவர். என்னைவிட இளையவர். பொம்மை முதுகெலும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"சார், வயித்துல இருந்து வர்ற வலி மூளைக்குப் போக ஒரு பாதை இருக்கு. தண்டுவடத்துக்குப் பின்பக்கம், நட்டநடு கோட்டுல, நூல் மாதிரி. அதை மட்டும் அறுத்துடுறோம். கை கால் அசைவுக்கு இருக்குறது வேற பாதை."

"அப்போ நோய் போயிருமா?"

"நோய் இருந்த இடத்துலயே இருக்கும். அது போடுற சத்தம்தான் கேட்காது."

எனக்கு இது விளங்கவில்லை. பதினோரு வருடமாக நோய் வேறு, வலி வேறு என்று நான் நினைத்ததே இல்லை. வகுப்பில் சத்தம் வரவில்லை என்றால் ஒழுங்காக இருக்கிறார்கள் என்றா அர்த்தம்? கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் நோட்டைப் புரட்டினார். சிஸ்டர் ஃப்ளோரா சராசரி போட்டு வைத்திருந்தார். ஐந்து.

"ஏழுக்கு மேல இருந்தாத்தான் தண்டுவடத்தைத் தொடணும்னு எங்க குழுவுல முடிவு. இது மாத்திரைலயே சமாளிக்கிற வலிதான் சார். நல்ல செய்திதான்."

நல்ல செய்தி என்றுதான் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ராஜபாளையம் வரை ஏன் எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது என்று தெரியவில்லை.

மாலை: 6.

ஜூன் 25

எழுத ஒன்றுமில்லை. 6. 6.

ஜூன் 27

நான் குளிக்கப் போன நேரத்தில் சொர்ணம் இந்த நோட்டைப் படித்துவிட்டாள். துண்டோடு வெளியே வந்தால், கையில் நோட்டை வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கிறாள்.

"பதிமூணாம் தேதி துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தீயளே, அதுக்கு ஆறா?"

"ஆறு நல்ல மதிப்பெண்ளா. முதல் வகுப்பு."

"செத்தாத்தான் பத்து போடுவீயளா?"

"பத்துங்கது முழுமை. அதுக்கு மேல ஒண்ணு வராதுன்னு யாரு கண்டா?"

"செத்தாலும் ஒம்பதுதான் போடுவீய. அதுலயும் கையெழுத்து சரியில்லன்னு அரை கொறைப்பீய."

கோபத்தில் நோட்டைக் கட்டில்மேல் போட்டாள். அவள் சொன்னது உண்மை. தமிழ்த் தாளுக்கு நூற்றுக்கு நூறு போடுவது மொழிக்குச் செய்யும் அவமரியாதை என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே போட்டேன். வலிக்கும் அப்படியே போட்டிருக்கிறேன். இது தப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த ஐந்தால் ஒரு வழி அடைபட்டுப்போனது என்பது மட்டும் புரிகிறது.

காலை: 6. மாலை: 7. இந்த ஏழு என் கணக்கா அவள் கணக்கா என்று தெரியவில்லை.

ஜூலை 1, மதுரை

சொர்ணம்தான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அறைக்குள் உட்காரக்கூட இல்லை.

"டாக்டரய்யா, இவுக இருவத்தெட்டு வருசத்துல ஒரு பிள்ளைக்கும் முழு மார்க்கு போட்டதில்ல. எங்க மக மங்கை இவுககிட்டத்தான் படிச்சா. அவளுக்கே தொண்ணூத்திரெண்டு. மூணு நாள் பேசலை அவ. இவுக அஞ்சுன்னா நீங்க ஒம்பதுன்னு எழுதிக்கோங்க."

சிஸ்டர் ஃப்ளோரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. எண்ணை விட்டுவிட்டு வேறு மாதிரி கேட்டார். கடைசியாக எப்போது முழு வகுப்பு எடுத்தேன்? எப்போது வயிறு நிறையச் சாப்பிட்டேன்? ஹோசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் எத்தனை வருடம்? ஒவ்வொன்றுக்கும் சொர்ணம்தான் பதில் சொன்னாள். தேதி பிசகாமல் சொன்னாள். எனக்கே மறந்துபோனதெல்லாம் அவளிடம் இருந்தது.

ஆபரேஷன் ஜூலை 16. ஆபத்துகளையும் சொன்னார். கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு கொஞ்ச நாள் மங்கலாம். சிலருக்கு அது திரும்பாமலே போய்விடலாம். இன்னொன்று: "வயித்துல பெரிசா ஏதாவது ஆனாலும் வலி வந்து சொல்லாது. காய்ச்சல், வியர்வை, வாந்தி, இதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். பத்தியத்தை விடக்கூடாது. அம்மா, நீங்கதான் கவனிச்சுக்கணும்."

"அது என் சோலிதான்" என்றாள் சொர்ணம்.

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். கத்தியதில் மூச்சுப் பிடித்துக்கொண்டதாம்.

ஜூலை 15

நாளை. பயமாக இருக்கிறது. இதை வேறு விதமாக எழுதத் தெரியவில்லை. கால் போய்விட்டால் கரும்பலகைக்கு முன் எப்படி நிற்பேன்? ஆனால் இன்னும் பத்து வருடம் அந்த நாற்காலிக்கு முன் மண்டியிடுவதைவிட அது மேல் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அடுத்த நேரம் ஓடிவிடலாம் என்று தோன்றுகிறது.

காலை: 7. மாலை: 8. எட்டு போட்டுவிட்டேன். கை கூசுகிறது.

ஜூலை 18

வலி இல்லை.

ஜூலை 19

நேற்று எழுதியதை இன்று திரும்பப் படித்துப் பார்த்தேன். இன்றும் இல்லை. முதுகில் தையல் எரிகிறது, அது வேறு. வயிற்றில் ஒன்றுமே இல்லை. கையை வைத்து அமுக்கினால் கை தெரிகிறது. உள்ளே யாரும் இல்லை.

அழுதேன். சந்தோஷமா என்று சொர்ணம் கேட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி என் கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்தார். "மேலயா, கீழயா?" குத்துமதிப்பாகச் சொன்னேன். பத்து தடவை கேட்டதில் நான்கு சரி. தேர்ச்சிதான், ஆனால் என் வகுப்பில் இப்படி ஒருவன் இருந்தால் பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருப்பேன்.

ஜூலை 20

வலி எத்தனை என்றார் சிஸ்டர். ஒன்று என்றேன். உடனே டாக்டர் ஓடி வந்தார். எங்கே, எப்படி, எப்போதிலிருந்து என்று துருவினார்.

"வலிக்கலை டாக்டர். ஆனா நான் யாருக்கும் சைபர் போட்டதில்லை. பேரு எழுதினதுக்காவது ஒண்ணு குடுப்பேன்."

சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 24, வீடு

ஆட்டோவிலிருந்து இறங்கி என் வீட்டுக்குள் நானே நடந்து போனேன். கைத்தடியோடு, காலைப் பார்த்துக்கொண்டே. கண்ணை எடுத்தால் கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியவில்லை. பஞ்சில் வைப்பதுபோல் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும் என்றிருக்கிறார்கள்.

பசிக்கிறதா என்று சொர்ணம் கேட்டாள். தெரியவில்லை. முன்பெல்லாம் வலிதான் என் கடிகாரம். சாப்பிட்டால் வரும், சாப்பிடாவிட்டாலும் வரும். இப்போது வயிறு ஒன்றும் சொல்வதில்லை. மணி பார்த்துச் சாப்பிடுகிறேன். காலையில் விழித்ததும் நாற்காலியைப் பார்க்கிறேன். அது வெறும் நாற்காலியாக இருக்கிறது. இவ்வளவு நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வலி: 1 (பெயர் எழுதியதற்கு).

ஜூலை 27

சாரல். ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்தே நடப்பதில் ஒரு சங்கடம், என் காலோடு அடுத்தவர் காலும் கண்ணில் படுகிறது. சொர்ணம் அடுப்பு முன் நின்று தோசை சுடும்போது கால்விரல்களை மடக்கித் தரையில் அழுத்திக்கொள்கிறாள். கொஞ்ச நேரத்தில் விடுகிறாள். திரும்ப மடக்குகிறாள். வலி வரும்போது நானும் அப்படித்தான் செய்வேன். இத்தனை வருடம் கூட இருந்ததில் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

ஜூலை 29

வெந்நீர்ப் பை சூடாக இருந்தது.

அடுக்களை மேடையில், துண்டுக்கு அடியில். தண்ணீர் குடிக்கப் போனவன் கை பட்டுத் தெரிந்தது. எனக்குத்தான் வலியே இல்லையே? கேட்டேன்.

"பழக்கதோசம்" என்றாள். "கை தானா போட்டிருச்சு."

இருக்கலாம். நானும்தான் காலையில் எழுந்ததும் மாத்திரை டப்பாவைத் தேடுகிறேன். ஆனால் பை நல்ல சூடாக இருந்தது. எனக்குத் தரும்போது ஒருநாளும் அவ்வளவு சூடாக இருந்ததில்லை. என்னமோ குழப்பமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்றரை மணிக்குத் தெருமுனைக் கடைக்குத் தனியாக நடந்து போய் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். பத்தியம் தெரியும். ஒன்றே ஒன்று தின்பதென்று முடிவு செய்திருந்தேன். சாரல், சூடான பஜ்ஜி. பதினோரு வருடம் எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு. எனக்கு ஆகாது என்று அவளும் தின்றதில்லை; தனக்கென்று தனியாக ஒன்றும் பொரித்துக்கொண்டதில்லை.

"எனக்கு வேண்டாங்க" என்றாள்.

"எனக்காக எத்தனை வருசம் அவிச்சதையே தின்னே. இன்னைக்கு எனக்காக இதைத் தின்னு."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று அப்போது நினைத்தேன்.

நான் தின்றதற்கு என்ன ஆகிறதோ என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகிறதா என்று எனக்குத் தெரியவும் தெரியாது. தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அங்கே நாற்காலிக்கு முன்னால் ஒருவர் மண்டியிட்டு, இருக்கையில் நெற்றியை வைத்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு இருந்தார். ஒரு நொடி அது நான்தான் என்று நினைத்தேன். நான் எப்படி அங்கே இருக்க முடியும் என்று நின்றேன். அப்புறம்தான் சேலை தெரிந்தது.

பதறி ஓடியதில் காலைப் பார்க்க மறந்து விழுந்தேன். தவழ்ந்து போய் அவள் முதுகைத் தொட்டேன். நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள், துண்டை எடுத்துவிட்டு. "செத்த நேரத்துல போயிரும். எப்பவும் போயிரும்."

எப்பவும் என்றாள்.

ஆட்டோ பிடித்து இங்கே வந்ததும் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். பித்தப்பை நிறையக் கல். ஒரு கல் குழாயில் இறங்கி அடைத்திருக்கிறதாம். முன்னமே ஸ்கேன் எடுத்ததுண்டா என்று கேட்டார். சொர்ணம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எடுத்ததுண்டு என்று நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

காலையில் வீட்டுக்கு வந்து ஃபைலை எடுத்தேன். அந்த ரிப்போர்ட் இருந்தது. சிவப்பு மையில் என் பெயர். அடியில், அடிபட்டு, அவள் பெயர். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். சரியாக இருந்ததைத் தப்பாக்கியது இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த நோட்டையும் முதலிலிருந்து படித்தேன். வெந்நீர்ப் பை. விலாவில் கை. கால்விரல். எல்லாம் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு மாணவன் இப்படி எழுதிவிட்டுக் கருத்து என்ன என்று கேட்டால் தெரியாது என்று நின்றால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். ஊசியில் வலி அடங்கிப் படுத்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபப்பட்டுத்தான் கேட்டேன், வேறு மாதிரி கேட்க வரவில்லை.

"ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்னு நெனச்சேன்" என்றாள். "உங்க ஆப்பரேசன் முடியட்டும்னு இருந்தேன். நானும் படுத்துட்டா ஒங்களை மதுரைக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

"அந்தச் சீட்டைத் திருத்தினப்பமாவது சொல்லியிருக்கலாம்லா."

"அவ்வளவு உறுதியா எழுதுனீய. எனக்கே ஒருவேளை அது ஒங்களோடதுதானோன்னு வந்துட்டு."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து, என் பெயரை அடித்துவிட்டு, மேலே இருந்த கொஞ்ச இடத்தில் சொர்ணம் என்று எழுதினேன். நீல மையில்.

ஆகஸ்ட் 5, மதுரை

தென்காசியில் இங்கே அனுப்பிவிட்டார்கள். நாளை குழாய்க் கல்லை எடுக்கிறார்கள், பிறகு பித்தப்பையை. சரியாகிவிடக்கூடியதுதான், மார்ச்சிலேயே சரியாகியிருக்க வேண்டியது என்றார் டாக்டர். மங்கை ஹோசூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள்.

என்னையும் இன்று டாக்டர் எட்வின் பார்க்க வேண்டிய நாள். கட்டைவிரல் சோதனையில் பத்துக்கு ஏழு. நான் வார்டுக்குத் திரும்பியபோது சிஸ்டர் ஃப்ளோரா சொர்ணத்தின் கட்டிலருகே நின்றார். செய்தி கேள்விப்பட்டு வந்திருக்கிறார். ஊசியின் வேகம் குறைந்திருக்க வேண்டும். போர்வைக்கு வெளியே சொர்ணத்தின் கால்விரல்கள் மடங்கியிருந்தன.

"அம்மா, வலி பத்துக்கு எத்தனை?"

"என்னத்த, ஒரு மூணு இருக்கும்" என்றாள் சொர்ணம்.

சிஸ்டர் எழுதப் போனார்.

"சிஸ்டர்" என்றேன். "இவ மூணுன்னா நீங்க..."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவையும் அட்டையையும் என்னிடமே நீட்டினார். கை, பழக்கத்தில், ஒன்பதரைக்குத்தான் போனது. நிறுத்தினேன். 10 என்று எழுதினேன். சொர்ணம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு போடாதீய" என்றாள். கண்ணோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

சிஸ்டர் அவளுக்கு ஊசி போடப் போனார். நான் இந்த நோட்டில் புதுப் பக்கம் எடுத்திருக்கிறேன்.

பெயர்: சொர்ணம். வயது: 50.

காலை: 10.

மாலை: கேட்டு எழுத வேண்டும்.